சேலத்தில் சினிமா தொழிற்சாலை நடத்திய கறார் டைரக்டர்: வாள் சண்டைப் படங்களில் முத்திரை பதித்த மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம்

சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் ரோட்டில், மலை அடிவாரத்துக்கு முன்னால் ஒரு பழைய நுழைவாயில் வளைவு நிற்கிறது. பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஒரு தடவையாவது அதை எட்டிப்பார்ப்பார்கள். வளைவுக்கு பின்னால் இப்போது இருப்பது வீடுகள். ஒரு காலத்தில் அங்கேதான் மன்னர்கள் முடிசூடினார்கள். தளபதிகள் வாள் வீசினார்கள். 40 திருடர்கள் குதிரையில் வந்தார்கள்.

அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ். அதை கட்டி ஆண்டவர் பட அதிபரும் டைரக்டருமான டி.ஆர்.சுந்தரம். ஊழியர்களுக்கு அவர் முதலாளி. சினிமாக்காரர்களுக்கு டி.ஆர்.எஸ்.

தமிழ் சினிமாவில் முதல் இரட்டை வேடம், முதல் முழுநீள கலர் படம், மலையாளத்தில் முதல் பேசும் படம், முதல் கலர் படம் - இத்தனை முதல்களும் மெட்ராசில் இருந்து 200 மைலுக்கு மேல் தள்ளி இருக்கும் சேலத்து கம்பெனியில் இருந்து வந்தவை. பின்னாளில் தமிழ்நாட்டின் முதல்-அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்த 3 பேர் இந்த கம்பெனி படங்களில் வேலை பார்த்தவர்கள்.

இதையெல்லாம் சாதித்த மனுஷன், சினிமாவை கலை என்று சொல்லி ஏங்கியவர் அல்ல. மில் நடத்துவது மாதிரி நடத்தியவர். அதுதான் அவருடைய பலம். அவருக்கு பிறகு மாடர்ன் தியேட்டர்சுக்கு வந்த சோதனைக்கும் அதுதான் காரணம்.

திருச்செங்கோட்டில் பிறந்தவர்

டி.ஆர்.சுந்தரம் 1907-ம் ஆண்டு ஜூலை 16-ந்தேதி திருச்செங்கோட்டில் பிறந்தார். வசதியான ஜவுளி தொழில் குடும்பம். திருச்செங்கோடு, ஈரோடு, சேலம் வட்டாரத்தில் நூலும் தறியும்தான் அன்றைக்கு பெரிய தொழில். அந்த குடும்பத்து பிள்ளை என்ன படிக்கணுமோ, அதையே படித்தார். இங்கிலாந்துக்கு போய், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜவுளி தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றார்.

அங்கே இருந்தபோது கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை திருமணம் செய்து கொண்டார். பட்டத்தோடும் மனைவியோடும் ஊர் திரும்பியவர், குடும்ப தொழிலை பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் திரும்பிய நேரத்தில் ஊரெல்லாம் ஒரே பேச்சு, பேசும் படம்.

1931-ல் வெளிவந்த "காளிதாஸ்" மூலம் சினிமா தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. ஆனால் ஸ்டூடியோ வசதி இங்கே அவ்வளவாக இல்லை. தமிழ்ப்படம் எடுக்கணும் என்றால் நடிகர், நடிகை, பாட்டுக்காரர், சமையல்காரர் என்று ஒரு கூட்டத்தையே ரெயிலில் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போகணும்.

சேலத்தில் அப்போது ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனி இருந்தது. டி.ஆர்.சுந்தரம் அதில் பங்குதாரராக சேர்ந்தார். அந்த கம்பெனியின் படங்கள் கல்கத்தாவில் தயாராயின. அங்கே அவர் சினிமா எடுக்கிற விதத்தை கற்றுக்கொண்டார். அதோடு, பணமும் நேரமும் எங்கெங்கே வீணாகிறது என்பதையும் கூர்ந்து கவனித்தார்.

மில்லில் பஞ்சு ஒரு பக்கம் போகும், துணி மறுபக்கம் வரும். சினிமாவையும் அப்படி ஒரே கூரைக்கு கீழே செய்தால் என்ன? இந்த கணக்குதான் மாடர்ன் தியேட்டர்சுக்கு அஸ்திவாரம்.

ஏற்காடு அடிவாரத்தில் ஸ்டூடியோ

1935-ல் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் உருவானது. படப்பிடிப்பு தளம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேபரட்டரி, எடிட்டிங் எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்தன. வெளிப்புற காட்சி எடுக்கணும் என்றால் மலையும் காடும் கைக்கெட்டும் தூரத்தில். ராஜா ராணி கதைக்கும், குதிரை ஓட்டத்துக்கும் இதைவிட தோதான இடம் கிடைக்காது.

முதல் படம் "சதி அகல்யா". 1937-ல் வெளிவந்தது.

அடுத்த வருஷமே ஒரு சாதனை. எஸ்.நொட்டானி டைரக்ஷனில் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த "பாலன்" 1938 ஜனவரியில் வெளிவந்தது. அதுதான் மலையாளத்தின் முதல் பேசும் படம். கே.கே.அரூர், எம்.கே.கமலம் நடித்தது. கேரளத்து சினிமா முதன்முதலாக வாய் திறந்து பேசிய இடம் சேலம் என்பது இன்றைக்கு சேலத்துக்காரர்களிலேயே பல பேருக்கு தெரியாது.

வெளிநாட்டில் படித்தவர் என்பதால், தொழில் தெரிந்த ஆள் எங்கே இருந்தாலும் கூட்டி வருவார். ஜெர்மன் ஒளிப்பதிவாளர்கள் சேலத்தில் வந்து தங்கி வேலை பார்த்தார்கள். "பாலன்" படத்துக்கு கேமரா பிடித்தவரும் ஜெர்மன்காரர்தான்.

மணி அடித்தா மாதிரி வேலை

டி.ஆர்.சுந்தரத்தை பற்றி யாரை கேட்டாலும் முதலில் வரும் வார்த்தை கண்டிப்பு. வேலைன்னா வேலை. குறித்த நேரத்தில் செட்டில் இருக்கணும். பெரிய நடிகர், சின்ன நடிகர் என்ற பேதம் கிடையாது.

கதையும் வசனமும் முழுசாக எழுதி முடியாமல் படப்பிடிப்பு தொடங்காது. எந்த காட்சி, எந்த தேதி, எந்த தளம், எத்தனை ஆள் என்பது முன்கூட்டியே தாளில் இருக்கும். செட்டில் உட்கார்ந்து யோசிக்கிற வேலையே இல்லை. இதனால் ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படம் தயாராகி நிற்கும்.

நடிகர்களும் எழுத்தாளர்களும் மாத சம்பளத்தில் இருந்தார்கள். கதை இலாகா என்று தனியாக ஒன்று இருந்தது. "சண்டமாருதம்" என்ற பத்திரிகையையும் கம்பெனி நடத்தியது. அதில் வேலை பார்த்த இளைஞர்தான், பின்னாளில் கவியரசு என்று புகழ் பெற்ற கண்ணதாசன்.

சம்பளம் ஒழுங்காக வந்துவிடும். அந்த காலத்து சினிமா உலகில் இது சாதாரண விஷயம் அல்ல. பேசிய பணத்துக்காக பட அதிபர் வீட்டு வாசலில் நின்ற நடிகர்கள் எத்தனையோ பேர். சேலத்தில் அந்த கதை இல்லை. ஆனால் அதற்கு விலையும் உண்டு. ஊரை விட்டு வந்து, ஸ்டூடியோ சட்டத்துக்கு கட்டுப்பட்டு கிடக்கணும். பிடிக்காதவர்கள் விலகிப் போனார்கள். யாரையும் கெஞ்சி நிறுத்துகிற வழக்கம் முதலாளியிடம் இல்லை.

சின்னப்பாவுக்கு இரட்டை வேடம்

டைரக்டராக டி.ஆர்.சுந்தரத்தை தூக்கி நிறுத்திய படம் "உத்தமபுத்திரன்". வெளிவந்த ஆண்டு 1940. கதாநாயகன் பி.யு.சின்னப்பா.

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் இரும்பு முகமூடி கதையை தழுவியது இது. ஒரே முகம் கொண்ட இரட்டை ராஜகுமாரர்கள். ஒருவன் அரண்மனையில் வளர்ந்து கெட்டுப்போகிறான். இன்னொருவன் வெளியே வளர்ந்து நல்லவனாக வருகிறான். 2 வேடத்திலும் சின்னப்பாவே நடித்தார். தமிழ் சினிமாவில் ஒரே நடிகர் இரட்டை வேடம் போட்டது இதுதான் முதல் தடவை.

இன்றைக்கு இரட்டை வேடம் என்பது கம்ப்யூட்டரில் முடிகிற காரியம். அன்றைக்கு அப்படி இல்லை. பிலிமின் ஒரு பாதியை மறைத்து ஒரு தடவை படம் பிடிக்கணும். பிறகு பிலிமை பின்னால் சுற்றி, மறுபாதியில் அதே நடிகரை வேறு உடையில் நிறுத்தி எடுக்கணும். நடுவில் கேமரா ஒரு நூல் அசைந்தாலும் அவ்வளவுதான், எல்லாம் வீண். எந்திரம் தெரிந்த டைரக்டரும், நடிப்பு தெரிந்த கதாநாயகனும் சேர்ந்ததால் இது நடந்தது.

பி.யு.சின்னப்பா நன்றாக பாடுவார். அதோடு சிலம்பம், குஸ்தி, வாள் வீச்சு எல்லாம் முறையாக பயின்றவர். பாட்டு தெரிந்தால் போதும், கதாநாயகன் ஆகிவிடலாம் என்று இருந்த காலத்தில், சண்டை தெரிந்த கதாநாயகனுக்கு கதை அமைத்தார் டி.ஆர்.சுந்தரம். பின்னாளில் வந்த அத்தனை வாள் சண்டை படங்களுக்கும் இது ஒரு முன்னோட்டம். 18 வருஷம் கழித்து, 1958-ல் இதே பெயரில், இரட்டையர் கதையில் சிவாஜிகணேசன் நடித்தார்.

1942-ல் "மனோன்மணி". பெ.சுந்தரம்பிள்ளை எழுதிய புகழ்பெற்ற நாடகத்தை பிரமாண்டமாக படமாக்கினார். சின்னப்பாவுடன் டி.ஆர்.ராஜகுமாரி ஜோடி. இசை அமைப்பாளர் கே.வி.மகாதேவன் சினிமாவுக்கு அறிமுகமானதும் இந்த படத்தில்தான்.

தானே வேஷம் கட்டினார்

இரண்டாம் உலகப்போர் நடந்த நேரம். பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. போருக்கு ஆதரவாக படம் எடுக்கும்படி வெள்ளைக்கார சர்க்கார் பட அதிபர்களை கேட்டது. 1945-ல் டி.ஆர்.சுந்தரம் "பர்மா ராணி"யை எடுத்தார்.

ஜப்பான் பிடியில் இருக்கும் பர்மாவில் நடக்கும் கதை. விமானம், உளவு, துப்பாக்கி என்று அன்றைய ரசிகர்களுக்கு எல்லாமே புதுசு. கே.எல்.வி.வசந்தா, ஹொன்னப்ப பாகவதர் நடித்தார்கள். ஜப்பானிய ராணுவ அதிகாரி வேஷத்தில் வந்தவர் வேறு யாரும் அல்ல, டி.ஆர்.சுந்தரமேதான்.

அடுத்த ஆண்டு "சுலோசனா"வில் ராவணன் மகன் இந்திரஜித்தாகவும் அவரே நடித்தார். முதலாளி, டைரக்டர், நடிகர் மூன்றும் ஒரே ஆள்.

1947-ல் வந்த "ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி" ஜனங்களை கட்டிப்போட்ட படம். ராஜகுமாரி கேள்வி கேட்பாள். பதில் சொல்லத் தெரியாதவன் தலை போய்விடும். இப்படி ஒவ்வொரு தலையாக உருள, அடுத்து என்ன என்று தெரியாமல் ரசிகர்கள் இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ராஜகுமாரியாக நடித்தவர் வி.என்.ஜானகி. எம்.ஜி.ஆரின் மனைவியான இவர், 1988-ல் தமிழக முதல்-அமைச்சராக பதவி ஏற்றார்.

நம்பியார் கதாநாயகன்!

நம்பியார் என்றால் வில்லன். இது ஊருக்கே தெரியும். அந்த நம்பியாரை நம்பி ஒரு முழுப்படத்தையே எடுத்தவர் டி.ஆர்.சுந்தரம். 1950-ல் வந்த "திகம்பர சாமியார்".

வடுவூர் துரைசாமி அய்யங்கார் எழுதிய துப்பறியும் நாவல் அது. படத்தில் எம்.என்.நம்பியாருக்கு பத்துக்கும் மேற்பட்ட மாறுவேடங்கள். ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு நடை, ஒரு குரல். மார்க்கெட் உள்ள கதாநாயகன் வேணும் என்று பார்க்காமல், வேலைக்கு எந்த ஆள் பொருத்தம் என்று பார்த்தார். இது டி.ஆர்.எஸ். பாணி.

திருப்புமுனை தந்த மந்திரிகுமாரி

அதே 1950-ல் வந்த "மந்திரிகுமாரி" தமிழ் சினிமாவின் போக்கையே மாற்றியது.

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையை வைத்து மு.கருணாநிதி எழுதிய நாடகம் அது. அதை சினிமாவாக்க டி.ஆர்.சுந்தரம் முடிவு செய்தார். 20 வயதுகளில் இருந்த கருணாநிதி சேலத்தில் தங்கி கதை-வசனம் எழுதினார்.

டைரக்ஷன் பொறுப்பு அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கனிடம் கொடுக்கப்பட்டது. படம் முடிவதற்குள் டங்கன் சொந்த நாட்டுக்கு கிளம்பிவிட்டார். வேறு கம்பெனியாக இருந்தால் படம் முடங்கிப் போயிருக்கும். டி.ஆர்.சுந்தரம் அசரவில்லை. மிச்ச காட்சிகளை தானே டைரக்ட் செய்து படத்தை முடித்தார். படத்தில் டைரக்டர்களாக 2 பேர் பெயரும் இடம் பெற்றன.

கதாநாயகன், தளபதி வீரமோகனாக எம்.ஜி.ஆர். ராஜகுருவாக நம்பியார். ராஜகுருவின் மகன் பார்த்திபனாக எஸ்.ஏ.நடராஜன். பகலில் கனவான், ராத்திரியில் கொள்ளைக்காரன். மந்திரிகுமாரியாக மாதுரிதேவி.

மனைவியை மலை உச்சிக்கு கூட்டிப்போய் தள்ளிவிட நினைக்கிறான் பார்த்திபன். சாவதற்கு முன் கணவனை சுற்றி வந்து கும்பிட வேணும் என்று அவள் கேட்கிறாள். சுற்றி வந்தவள், பின்னால் இருந்து அவனையே தள்ளிவிடுகிறாள். தியேட்டரில் கைதட்டல் காதை பிளந்தது. அந்த மலை உச்சிக்கு போகும் வழியில் வரும், திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் ஜி.ராமநாதன் இசையில் பாடிய பாட்டு 70 வருஷம் தாண்டியும் ரேடியோவில் ஒலிக்கிறது.

ராஜகுரு வீட்டு பிள்ளை கொள்ளைக்காரன், அவனை தண்டிப்பவள் கட்டிய மனைவி. இப்படி ஒரு கதையை 1950-ல் துணிந்து எடுப்பதற்கு பட அதிபருக்கு நெஞ்சுரம் வேணும். டி.ஆர்.சுந்தரம் எந்த கட்சி மேடையிலும் ஏறி முழங்கியவர் அல்ல. கதை நன்றாக இருக்கிறதா, வசனம் பேசுமா, படம் ஓடுமா - இந்த 3 கேள்விதான் அவருக்கு. அந்த வியாபார கணக்கே ஒரு புதிய எழுத்துக்கு வாசலை திறந்துவிட்டது.

வசனம் எழுதிய கருணாநிதி 1969-ல் முதல்-அமைச்சர். வாள் வீசிய எம்.ஜி.ஆர். 1977-ல் முதல்-அமைச்சர். 2 பேர் வாழ்க்கையிலும் "மந்திரிகுமாரி" ஒரு பெரிய திருப்பம்.

டி.ஆர்.எஸ். பாணி சண்டை

1951-ல் "சர்வாதிகாரி". டைரக்ஷன் டி.ஆர்.சுந்தரம். எம்.ஜி.ஆருக்கு ஜோடி அஞ்சலிதேவி. வில்லன் நம்பியார். 1948-ல் வந்த "தி கேலண்ட் பிளேடு" என்ற ஆலிவுட் படத்தை தழுவிய கதை. வசனம் ஏ.வி.பி.ஆசைத்தம்பி.

இந்த படத்தில் எம்.ஜி.ஆரும் நம்பியாரும் மோதும் வாள் சண்டை பெரிதாக பேசப்பட்டது. அதற்கு பிறகு எத்தனையோ படங்களில் 2 பேரும் மோதினார்கள். அந்த ஜோடிப் பொருத்தத்துக்கு சேலத்தில் போட்ட பிள்ளையார் சுழி நன்றாக வேலை செய்தது.

டி.ஆர்.சுந்தரம் படங்களில் சண்டை தனியாக துண்டாக நிற்காது. கதையில் யார் பக்கம் நியாயம், யார் பக்கம் சூழ்ச்சி என்பதை முதலிலேயே பளிச்சென்று காட்டிவிடுவார். வில்லனுக்கு மூளையும் வாயும் கொடுப்பார். கதாநாயகன் கை ஓங்கும்போது ஜனங்கள் ஏற்கனவே தயாராக இருப்பார்கள். இழுவையான காட்சிகளுக்கு இடம் தரமாட்டார். அந்த காலத்து படங்களில் கதை நடுவில் பாட்டுக்காக நின்று நின்று போகும். இவர் படங்கள் நடையை கட்டிக்கொண்டே இருக்கும்.

ஆங்கிலப் படங்களை பார்த்து கதையை எடுத்துக்கொள்வதை அவர் குறையாக நினைக்கவில்லை. டூமா நாவலும் வரும், அரபுக் கதையும் வரும், காப்பியமும் வரும். ஆனால் உள்ளூர் ஜனங்களுக்கு புரிகிற அண்ணன்-தம்பி, தாய்-மகன், கணவன்-மனைவி உறவில் கதையை கொண்டுவந்து நிறுத்திவிடுவார். இது நகல் என்று விமர்சனம் செய்தவர்களும் உண்டு. டிக்கெட் வாங்கியவர்கள் அதைப்பற்றி கவலைப்படவில்லை.

அமெரிக்காவோடு கூட்டு

1952-ல் அமெரிக்காவின் லிப்பெர்ட் கம்பெனியோடு சேர்ந்து "தி ஜங்கிள்" என்ற ஆங்கிலப் படத்தை மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது. டைரக்டர் வில்லியம் பெர்க். ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகிய அமெரிக்க நட்சத்திரங்கள் நடித்தார்கள். யானைகளுக்கு ரோமம் ஒட்டி, ஆதிகாலத்து மாமூத் யானைகளாக காட்டியிருந்தார்கள். சேலத்து கம்பெனி ஆலிவுட்டோடு கைகோர்த்தது அன்றைக்கு பெரிய செய்தி.

அடுத்த வருஷம் "திரும்பிப்பார்". கருணாநிதியின் கதை-வசனம். "பராசக்தி"யில் ஒரே படத்தில் புகழின் உச்சிக்கு போன சிவாஜிகணேசன், இதில் பெண்களை ஏமாற்றித் திரியும் கெட்டவனாக நடித்தார். புதிதாக கிடைத்த கதாநாயகன் பெயருக்கு பங்கம் வருமே என்று அவரும் பயப்படவில்லை, டைரக்டரும் பயப்படவில்லை. படம் வெற்றி பெற்றது.

கலரில் வந்த அலிபாபா

டி.ஆர்.சுந்தரத்தின் பெயரை சொன்னதும் நினைவுக்கு வரும் படம் "அலிபாபாவும் 40 திருடர்களும்". 1956 பொங்கலுக்கு வெளிவந்தது.

அதுவரை சில தமிழ்ப்படங்களில் சில காட்சிகள் மட்டும் கலரில் வந்ததுண்டு. முதல் காட்சியில் இருந்து கடைசி காட்சி வரை முழுவதும் கலரில் வந்த முதல் தமிழ்ப்படம் "அலிபாபா"தான். கேவா கலரில் எடுத்தார்கள்.

கலர் படம் என்றால் சும்மா இல்லை. கறுப்பு-வெள்ளையை விட பல மடங்கு வெளிச்சம் வேணும். அந்த விளக்கு சூட்டில் அரேபிய உடையும் தாடியும் போட்டுக்கொண்டு நடிக்கணும். செட், துணி, மேக்கப் எல்லாமே கலருக்கு ஏற்ற மாதிரி இருக்கணும். செலவும் கூடும். அதனால் பல பட அதிபர்கள் தயங்கி நின்றார்கள். ஜவுளிக்கார குடும்பத்து பிள்ளைக்கு சாயமும் வண்ணமும் புதுசா என்ன? துணிந்து இறங்கினார்.

அலிபாபாவாக எம்.ஜி.ஆர். மார்ஜியானாவாக பி.பானுமதி. கொள்ளைக்கார தலைவனாக பி.எஸ்.வீரப்பா. பேராசை பிடித்த அண்ணன் காசிமாக எம்.ஜி.ஆரின் சொந்த அண்ணன் எம்.ஜி.சக்ரபாணி. தங்கவேலு, சாரங்கபாணியின் நகைச்சுவை வேறு. பின்னாளில் இந்தி சினிமாவில் பெரிய கதாநாயகியான வகிதா ரஹ்மான் இந்த படத்தில் நடனம் ஆடியிருக்கிறார். சுசர்ல தட்சிணாமூர்த்தியின் இசையில் பாடல்கள் பட்டிதொட்டி எங்கும் ஒலித்தன.

படம் சக்கைப்போடு போட்டது. குகைக் கதவு திறக்கிற காட்சியை பார்க்கவே குழந்தைகளை தூக்கிக்கொண்டு வந்தார்கள். டூரிங் கொட்டகைகளில் பல வருஷம் திரும்ப திரும்ப ஓடியது.

5 வருஷம் கழித்து, 1961-ல் "கண்டம் பெச்ச கோட்டு" (ஒட்டுப்போட்ட கோட்டு என்று அர்த்தம்) படத்தை மலையாளத்தில் டைரக்ட் செய்தார். இதுதான் மலையாளத்தின் முதல் கலர் படம். கேரளத்துக்கு பேச்சும் நிறமும் சேலத்தில் இருந்து போனது.

எல்லாம் தானே பார்த்தவர்

எல்லா படத்தையும் அவரே டைரக்ட் செய்யவில்லை. கே.ராம்நாத், ஏ.எஸ்.ஏ.சாமி, டி.ஆர்.ரகுநாத் என்று திறமைசாலிகளுக்கு படம் கொடுத்தார். "சுகம் எங்கே", "வண்ணக்கிளி", "கைதி கண்ணாயிரம்", "குமுதம்" என்று கம்பெனி படங்கள் தொடர்ந்து வந்தன. நகைச்சுவை வேடங்களில் வந்து கொண்டிருந்த மனோரமாவை "கொஞ்சும் குமரி"யில் கதாநாயகி ஆக்கியதும் மாடர்ன் தியேட்டர்ஸ்தான். தென்னிந்திய திரைப்பட வர்த்தக சபையின் தலைவராகவும் டி.ஆர்.சுந்தரம் பொறுப்பு வகித்தார்.

ஆனால் யார் டைரக்டராக இருந்தாலும், கதையில் இருந்து கணக்கு வரை முதலாளியின் கண் படாமல் ஒரு அடி பிலிம் கூட வெளியே போகாது. இந்த இடத்தில்தான் சிக்கலும் இருந்தது. தொழிற்சாலை என்றால் முதலாளி இல்லாத நாளிலும் எந்திரம் ஓடணும். இங்கே எந்திரமே முதலாளிதான்.

1963-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந்தேதி டி.ஆர்.சுந்தரம் காலமானார். அப்போது வயது 56.

பிறகு என்ன ஆச்சு?

அவருக்கு பிறகு மகன் ராமசுந்தரம் கம்பெனியை ஏற்று நடத்தினார். காலத்துக்கு ஏற்றபடி வாள் போய் துப்பாக்கி வந்தது. "வல்லவன் ஒருவன்", "சி.ஐ.டி.சங்கர்" என்று ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்கள் வந்தன. ஜெய்சங்கருக்கு தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று பெயர் கிடைத்ததில் சேலத்துக்கும் பங்கு உண்டு. ராஜா-ராணி படத்தில் தொடங்கிய விறுவிறுப்பு, கோட்-சூட் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் ஓடியது.

ஆனால் சினிமா உலகம் மாறிக்கொண்டு இருந்தது. நட்சத்திரங்கள் மெட்ராசில் ஒரே நாளில் 2, 3 படங்களில் நடித்தார்கள். ரெயில் ஏறி சேலம் வந்து, ஒரே கம்பெனிக்காக வாரக்கணக்கில் தங்குவதற்கு யாருக்கு நேரம்? மாத சம்பளம் போய், படத்துக்கு இவ்வளவு என்று பேசும் காலம் வந்தது. நடிகருக்கு கம்பெனி தேதி கொடுத்தது போய், கம்பெனிக்கு நடிகர் தேதி கொடுக்கும் நிலை. டி.ஆர்.எஸ். சட்டம் அங்கே செல்லுபடி ஆகவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை தயாரித்த ஸ்டூடியோ கடைசியில் படப்பிடிப்பை நிறுத்தியது. தளங்கள் போயின. நிலத்தில் வீடுகள் வந்தன. வளைவு மட்டும் மிஞ்சியது.

2023-ல் அந்த வளைவு இருக்கும் இடம் நெடுஞ்சாலைத்துறைக்கு சொந்தமா, தனியாருக்கு சொந்தமா என்று பிரச்சினை கிளம்பி, மாடர்ன் தியேட்டர்ஸ் பெயர் மறுபடியும் செய்திகளில் அடிபட்டது. ஸ்டூடியோ இருந்தபோது போட்டோ பிடிக்காதவர்கள் கூட அப்போது வந்து வளைவை போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" பிரதி இன்றைக்கு எங்கும் இல்லை. அழிந்துபோய்விட்டது. ஆனால் "மந்திரிகுமாரி" இருக்கிறது. "சர்வாதிகாரி" இருக்கிறது. "அலிபாபா" இருக்கிறது. டி.வி.யில் போட்டால் தாத்தாவும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்த படங்களில் எம்.ஜி.ஆரை தெரிகிறது, நம்பியாரை தெரிகிறது, கருணாநிதியின் வசனம் காதில் விழுகிறது. கேமராவுக்கு பின்னால் கைக்கெடிகாரத்தை பார்த்துக்கொண்டு நின்ற மனுஷன் மட்டும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அடுத்த தடவை ஏற்காடு போகும்போது பஸ் அந்த வளைவை தாண்டும். அந்த வாசலில் நேரம் தவறி நுழைந்தவர்கள் ரொம்ப குறைவு.